யி சிங் குறிநூலில் மாறுகோடுகளைப் பொருள்கொள்ளும் முறை

சீனரின் தொன்மையான குறிநூலாகிய யி சிங், முழுக்கோடும் முறிகோடும் ஆறாக அடுக்கப்பெற்ற 64 குறிகளை உடையது. ஒவ்வொரு குறிக்கும் பொதுவுரை ஒன்றும், அதன் ஆறு கோடுகளுக்குத் தனித்தனியே கோட்டுரைகளும் உண்டு. குறிகேட்போர் 50 தண்டுகளுள் ஒன்றை விலக்கி, எஞ்சிய 49ஐப் பகுத்தெண்ணிக் கீழிருந்து மேலாகக் கோடுகளைப் பெறுவர். 7 மாறா முழுக்கோட்டையும் 8 மாறா முறிகோட்டையும் குறிக்கும். 9 எனில் முழுக்கோடு முறிகோடாகவும், 6 எனில் முறிகோடு முழுக்கோடாகவும் மாறும். இம்மாற்றத்தால் முதற்குறியிலிருந்து வழிக்குறி பிறக்கிறது. பல கோடுகள் ஒருங்கே மாறுமிடத்து எவ்வுரையைக் கொள்வது என்பதே இங்கு எழும் சிக்கல்.

இதற்கு ஜூ ஷீ 1186இல் நெறி வகுத்தார். ஒரு கோடு மாறின் அதன் உரையையும், இரண்டு மாறின் அவ்விரண்டின் உரைகளையும் கொள்ளவேண்டும். பின்னதில் மேற்கோடே தலைமையுடையது. மூன்று மாறின் இரு குறிகளின் பொதுவுரைகளும், நான்கு அல்லது ஐந்து மாறின் வழிக்குறியில் மாறாது நின்ற கோடுகளின் உரைகளும் கொள்ளப்படும். ஆறும் மாறின், முதலிரு குறிகள் நீங்கலாக, வழிக்குறியின் பொதுவுரையே பொருந்தும்.

இந்நெறியைப் பழைய வழக்கோடு ஒப்பிடச் சுவோ சுவான் வரலாற்று நூல் துணைசெய்கிறது. லூ நாட்டு அரசன் தாயாகிய மு சியாங் சூழ்ச்சி ஒன்றில் ஈடுபட்டுக் கீழை அரண்மனையில் அடைக்கப்பட்டபோது குறி பார்க்கப்பட்டது. கென் என்னும் குறி, ஐந்து கோடுகள் மாறிச் சுயி ஆயிற்று. சுயி வெளியேறுதலைக் குறிக்கும் எனவும், அவள் விரைவில் விடுதலை பெறுவாள் எனவும் குறியாளர் உரைத்தார். அவளோ சுயியின் பொதுவுரை கூறும் நான்கு நற்பண்புகளை எடுத்துக்காட்டி, அவை உடையார்க்கே அக்குறி நலம் பயக்கும் என்றும், தன்பால் அவற்றுள் ஒன்றும் இல்லை என்றும் மறுத்தாள். அவ்வாறே அங்கேயே இறந்தாள். அந்நூல் இதனைக் கி.மு. 564ஆம் ஆண்டின்கீழ்ப் பதிவுசெய்கிறது.

ஜூ ஷீ இந்நிகழ்வைத் தம் நெறியால் அளந்து, சுயியின் மாறாத இரண்டாம் கோட்டையே குறியாளர் படித்திருக்க வேண்டும் எனக் குறைகூறினார். அக்கோட்டுரை சிறியவனைப் பற்றிப் பெரியவனை இழத்தலைச் சுட்டுவதாகும். அதன்படியும் விடுதலைக்கு இடமில்லை. ஆயினும் மு சியாங் அம்முடிவை எட்டியது வேறு வழியில் ஆகும். குறியாளர் எடுத்த அதே உரையைக் கொண்டு, அது கேட்பவரின் ஒழுக்கத்திற்குப் பொருந்துமா என அவள் வினவினாள். எவ்வுரையைப் படிப்பது என்பதை நெறி வரையறுக்கலாம். அவ்வுரை யாருக்கு உரியது என்பதைக் கேட்பவரின் ஒழுக்கத்தை நோக்கியே துணிதல் வேண்டும் என்பது இதனால் புலனாகிறது.