மிளகாய்ச் சுவை வெறுப்பு

மிளகாய்ச் சுவை வெறுப்பு என்பது காரமான மிளகாய் வகைகளுள் சிலவற்றை மட்டும் சிலர் விரும்பாமல் ஒதுக்கும் இயல்பைக் குறிக்கும். காரம் தாங்க இயலாமையே இதற்குக் காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆனால், பச்சை மிளகாயைக் கடித்து உண்ணப் பழகிய ஒருவர் ஹபனேரோ மிளகாயை வாயருகே கொண்டு போகவும் மறுப்பதுண்டு. மிளகாயின் காரமும் மணமும் வெவ்வேறு சேர்மங்களால் உண்டாகி, வெவ்வேறு நரம்புகளின் வழியே உணரப்படுகின்றன. ஆகவே, ஒன்றை விரும்பும் ஒருவர் மற்றொன்றை வெறுத்தல் இயல்பானதே.

காரம்

தமிழ் மரபில் கார்ப்பு அறுசுவைகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. உடலியங்கியல் இதனைச் சுவையாகக் கொள்வதில்லை. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றை நாவிலுள்ள சுவை மொட்டுகள் உணர்கின்றன. காரமோ வலியையும் வெப்பத்தையும் உணரும் நரம்பு முனைகளால் அறியப்படுகின்றது. மிளகாயில் இதற்குக் காரணமானவை காப்சைசினும் அதனை ஒத்த சில சேர்மங்களும் ஆகும். இவை விதைகளில் உருவாவதில்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிற உட்தசையில் உருவாகின்றன. விதையே காரம் என்னும் பரவலான எண்ணம், அத்தசை விதையோடு ஒட்டி வருவதால் ஏற்பட்டதாகும்.

காப்சைசின் பிணையும் ஏற்பியின் பெயர் டிஆர்பிவி1. இதனை 1997 ஆம் ஆண்டில் டேவிட் ஜூலியசின் ஆய்வுக்குழு கண்டறிந்தது. இவ்வகை ஆய்வுகளுக்காக அவருக்கும் ஆர்டெம் பட்டாபூட்டியானுக்கும் 2021 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் இதே ஏற்பியைத் தூண்டுகின்றது. வாய் சுடாதபோதும் சுடுவதாக மூளை உணர்வது இதனாலேயே. சிலருக்குக் காப்சைசின் எரிச்சலோடு கசப்பாகவும் தோன்றுகின்றது.

தூய காப்சைசினுக்கு மணம் இல்லை. எனவே, ஒரு மிளகாயை மற்றொரு மிளகாயிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் தனிச்சுவையைக் காப்சைசினில் தேடிப் பயனில்லை.

மணம்

உணவை மெல்லும்போது ஆவியாகும் சேர்மங்கள் தொண்டையின் பின்வழியாக மூக்கை அடைகின்றன. நாம் சுவை என்று அழைப்பதில் பெரும்பகுதி இவ்வாறு உணரப்படும் மணமே. சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கும்போது குழம்பு சப்பென்று தோன்றும். அதிலுள்ள மிளகாய் மட்டும் வழக்கம்போல எரியும்.

மிளகாய் மணங்களுள் வெறுப்புக்கு அடிக்கடி உள்ளாவன இரண்டு. முதலாவது, முதிராத காய்களின் பச்சை வாடை. இதற்குக் காரணமான 2-ஐசோபியூட்டைல்-3-மெத்தாக்சிபிரசீன் என்னும் சேர்மத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் 1969 ஆம் ஆண்டில் குடைமிளகாயில் இனங்கண்டனர். நீரில் ஒரு இலட்சம் கோடியில் இரண்டு பங்கு அளவிலேயே இதனை மனித மூக்கு உணர்ந்துகொள்ளும். உணவு மணங்களுள் மிகக் குறைந்த அளவில் உணரப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று. சில திராட்சை மதுவகைகளிலும் இச்சேர்மம் உண்டு. அங்கே அளவு மிகுந்தால் அது குறையாகவே கருதப்படுகின்றது. மெக்சிக்கோவின் ஹலபேனியோ மிளகாய் பெரும்பாலும் பச்சையாகவே பறிக்கப்படுவதால் அதிலும் இவ்வாடை தெளிவாகத் தெரியும். காய் பழுக்கும்போது இச்சேர்மம் குறைந்துவிடும். அதே ஹலபேனியோவைப் பழுக்கவிட்டு, புகையில் உலர்த்தினால் கிடைப்பது சிப்போட்லே. பச்சைக் காயை வெறுக்கும் ஒருவர் சிப்போட்லேயை விரும்பி உண்ணக்கூடும்.

இரண்டாவது, காப்சிக்கம் சினென்சே இனத்தின் பழமணம். ஹபனேரோ, கரிபியன் தீவுகளின் ஸ்காட்ச் பானெட் ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை. அசாம், நாகாலாந்துப் பகுதிகளின் பூத் ஜொலோக்கியாவும் பெரும்பாலும் இவ்வினத்தின் வழிவந்ததே. 1776 ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்ட யாக்குவின் என்னும் தாவரவியலாளர் இது சீனாவிலிருந்து வந்ததாகக் கருதியதால் இப்பெயர் நிலைத்தது. உண்மையில் இதன் தாயகம் அமேசான் வடிநிலம் ஆகும். இக்காய்களில் எசுத்தர்கள் எனப்படும், பழங்களுக்கு மணமூட்டும் சேர்மங்கள் மிகுந்துள்ளன. விரும்புவோர் இம்மணத்தை ஆப்ரிகாட் பழத்துக்கும் எலுமிச்சை இனப் பழங்களுக்கும் ஒப்பிடுவர். விரும்பாதோருக்கு அது வாசனைத் திரவியத்தையோ சோப்பையோ உணவில் கலந்தது போன்றிருக்கும்.

காரமற்ற ஹபனேரோ

வெறுக்கப்படுவது காரமா, மணமா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. வெனிசுவேலாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் அன்றாடச் சமையலில் பயன்படும் அஹி துல்சே என்னும் மிளகாய் இதே இனத்தைச் சேர்ந்தது. மணம் உண்டு, காரம் இல்லை அல்லது மிகக் குறைவு. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலப் பல்கலைக்கழகம் காரம் மிகக் குறைந்த ஹபனேரோ வகைகளை உருவாக்கியது. பின்னர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மசூரெக் மேற்கொண்ட பயிர்ப்பெருக்க ஆய்வின் வழியாக ஹபனாடா என்னும் காரமற்ற வகை கிடைத்தது. இவற்றையும் ஒருவர் ஒதுக்குவாராயின், அவரது வெறுப்புக்கும் காரத்துக்கும் தொடர்பில்லை.

விருந்தினர் ஒருவருக்குக் காரம் ஆகாது என்று முடிவு செய்து மிளகாயின் எண்ணிக்கையைக் குறைப்பது இத்தகையோருக்கு உதவுவதில்லை. ஒரேயொரு ஸ்காட்ச் பானெட்டின் மணம் குழம்பு முழுவதும் பரவிவிடும். அதற்கு மாறாக வேறு இனத்து மிளகாயைச் சேர்த்தால், முன்னிலும் காரமாக இருந்தாலும் அவர் தயங்காமல் உண்ணக்கூடும்.

ஸ்கோவில் அளவீடு

வில்பர் ஸ்கோவில் 1912 ஆம் ஆண்டில் வகுத்த அளவீடு காரத்தை மட்டுமே குறிக்கின்றது. ஹலபேனியோவுக்கு 2,500 முதல் 8,000 வரையும், ஹபனேரோவுக்கு 1,00,000 முதல் 3,50,000 வரையும் அலகுகள் தரப்படுகின்றன. பூத் ஜொலோக்கியா 2007 ஆம் ஆண்டில் பத்து இலட்சம் அலகுகளைக் கடந்து கின்னஸ் பதிவு பெற்றது. 2013 ஆம் ஆண்டில் கரோலினா ரீப்பரும், 2023 ஆம் ஆண்டில் சராசரியாக 26,93,000 அலகுகள் கொண்ட பெப்பர் எக்சும் அவ்விடத்தைப் பிடித்தன. இப்போட்டி பெரும்பாலும் சினென்சே வழிவந்த வகைகளுக்கு இடையிலேயே நடைபெறுகின்றது. ஆகவே, மிகுந்த காரத்தை நாடுவோர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அம்மணத்தையும் ஏற்க வேண்டியுள்ளது. எண்களை மட்டும் நோக்கி மிளகாய் வாங்குவோர் ஏமாற்றம் அடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரபும் பழக்கமும்

மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் செயற்படுகின்றன. இவற்றின் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு போல மணப்பதற்கும் ஓஆர்6ஏ2 என்னும் மண ஏற்பி மரபணுவை அடுத்துள்ள வேறுபாடு ஒன்றுக்கும் தொடர்பு உண்டு என 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. இதனை மிளகாய்க்கு அப்படியே பொருத்துதல் தகாது எனினும், ஒரே உணவு இருவருக்கு இருவேறு விதமாக மணக்கக்கூடும் என்பதற்கு இது சான்றாகும். காரத்தின் மீதான விருப்பத்திலும் மரபின் பங்கு உண்டு என்பதைப் பின்லாந்து இரட்டையரிடம் நடத்திய ஆய்வு காட்டியுள்ளது.

பழக்கத்தின் பங்கும் பெரிது. உளவியலாளர் பால் ரோசின் மெக்சிக்கோவின் மலைக்கிராமம் ஒன்றில் மேற்கொண்டு 1980 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அங்குள்ள குழந்தைகள் வற்புறுத்தலின்றி, பெரியோர் உண்பதைக் கண்டு படிப்படியாக மிளகாயை விரும்பத் தொடங்கினர். அதே கிராமத்து எச்சில் உணவை உண்டு வளர்ந்த பன்றிகளிடமும் நாய்களிடமும் அத்தகைய விருப்பம் தோன்றவில்லை.

சமையலில்

பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் என்னும் புரதம் காரத்தைத் தணிக்கும். மணத்தை அது நீக்காது. நெடுநேரம் கொதிக்க வைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் நிலைமை நேர்மாறாகின்றது. எளிதில் ஆவியாகும் மணச் சேர்மங்கள் பெருமளவு அகன்றுவிட, காப்சைசின் பெரிதும் எஞ்சியிருக்கும். பச்சை ஹபனேரோவின் மணம் பிடிக்காத சிலர் அதன் உலர்ந்த தூளை ஏற்றுக்கொள்வது இதனால்தான்.