உப்புநீர்த் தொட்டிக்கு உகந்த மீன்கள்

கோயிற்குளத்துப் படிகளில் அமர்ந்து பொரி இறைத்து, துள்ளி வரும் மீன்களைக் கண்டு மகிழாத குழந்தை காஞ்சிபுரத்தில் அரிது. அந்த மகிழ்ச்சியை வீட்டிற்குள்ளேயே கொண்டுவர எண்ணிக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துப் பொன்மீன் வளர்ப்போரும் பலர். ஆனால் 2003-ஆம் ஆண்டில் வெளியான ‘ஃபைண்டிங் நீமோ’ என்னும் கார்ட்டூன் திரைப்படத்தைக் கண்ட சிறுவர்களுக்குப் பொன்மீன் போதுவதில்லை. செம்மஞ்சள் உடலில் வெண்பட்டை தீட்டிய அந்தக் கடல்மீன் தான் வேண்டும் என்று அடம் பிடிக்கின்றனர். தந்தையும் மனமிரங்கிச் சென்னைக்குச் சென்று, கண்ணைக் கவர்ந்த ஐந்தாறு மீன்களை ஒரே நாளில் வாங்கி வருகிறார். பத்தே நாட்களில் தொட்டி வெறுமையாகிவிடுகிறது. பணம் போனது ஒருபுறமிருக்க, செத்து மிதக்கும் மீனைக் கண்டு கலங்கும் குழந்தைக்கு என்ன விடை கூறுவது?

இத்துயரம் பெரும்பாலும் நம் கைப்பிழையால் நேர்வதன்று. தேர்வுப் பிழையால் நேர்வது. பட்டுப்புடவை எடுக்க நம் ஊருக்கு வருவோர் நிறத்தை மட்டுமா பார்க்கின்றனர்? இழையையும் சரிகையையும் கரை இணைந்திருக்கும் உறுதியையும் தொட்டுப் பார்த்தன்றோ வாங்குகின்றனர்! உயிருள்ள மீனை வாங்கும்போது அதனினும் கூடுதலான கவனம் வேண்டாமா?

கடலைத் தொட்டிக்குள் அமைத்தல்

கடல்மீன்களைக் காட்சிக்கு வளர்ப்பது தமிழகத்திற்குப் புதிதன்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டனின் எண்ணத்தில் உதித்த மீன் காட்சியகம் ஒன்று, 1909-ஆம் ஆண்டில் மெரினாக் கடற்கரையில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. அங்கே கடல் வாசலிலேயே இருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை. 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமானபோது கோவளமும் மாமல்லபுரமும் அதனுடன் சென்றுவிட்டன. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்திற்குக் கடற்கரையே கிடையாது. ஆகவே கடல்நீரை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் 30 கிராம் அளவு சோடியமும் குளோரைடும். எஞ்சியவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியன. சமையல் உப்பில் இவை போதிய அளவு இல்லாமையால் அது பயன்படாது. மீன்தொட்டிக்கெனவே விற்கப்படும் கடலுப்புக் கலவையை வாங்கிச் சுத்திகரித்த நீரில் கரைக்க வேண்டும். குழாய்நீரானால் அதிலுள்ள குளோரினை முன்னதாகவே நீக்குதல் வேண்டும்.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஏறத்தாழ ஒன்றேகாலடி உயரமும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். மணலும் கற்களும் இட்டபின் அதில் 50 லிட்டர் நீரே நிற்கும். அதற்கு ஏறத்தாழ 2 கிலோ உப்புக் கலவை தேவை. நீரின் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025 வரை உள்ளதா என ஹைட்ரோமீட்டரால் அளந்து பார்க்கலாம்.

நீர் ஆயத்தமான மறுநாளே மீனை விடலாமா? கூடவே கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சு உண்டாகிறது. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் பெருக வேண்டும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அக்காலத்தில் ஒரு சிறு இறால் துண்டை நீரில் இட்டு வைத்தால் அந்நுண்ணுயிர்களுக்கு உணவாகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லை எனச் சோதனை காட்டிய பின்னரே முதல் மீன் வர வேண்டும். மேற்சொன்ன தந்தை செய்த முதற்பிழை, இந்த ஆறு வாரங்களைக் காத்திராததே.

எந்த மீன்?

முதலிடம் கோமாளிமீனுக்கே உரியது. பிள்ளைகள் கேட்கும் மீனும் அதுவே. சிறு தொட்டிக்கு ஏற்ற மீனும் அதுவே. முழு வளர்ச்சியிலும் எட்டுப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் பெரிதும் வளராது. ஓரிடத்தையே சுற்றி வாழும் இயல்புடையதாதலால் நீண்ட நீர்ப்பரப்பும் வேண்டாதது. கடலில் அது கடற்சாமந்தியின் நஞ்சுள்ள இழைகளுக்கிடையே அடைக்கலம் புகுந்து வாழ்கிறது. ஆயினும் தொட்டியில் கடற்சாமந்தி இன்றியே நலமாக வாழும். கடற்சாமந்திக்கு மிகுந்த ஒளியும் முதிர்ந்த தொட்டியும் தேவை. புதியவர்கள் அதை வாங்காதிருப்பதே நல்லது.

கோமாளிமீனின் குடும்ப வாழ்வு வியப்புக்குரியது. குஞ்சுகள் யாவும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. அடுத்தது அதன் துணையாகிறது. எனவே இளங்குஞ்சுகள் இரண்டை, ஒன்று சற்றே பெரிதாகப் பார்த்து வாங்கினால் அவை தாமே இணையாகிவிடும். முட்டையிட்டபின் அவற்றைக் காத்து, துடுப்பால் விசிறி நீரோட்டம் தந்து, ஏறத்தாழ ஒரு வாரம் வரை பேணும் பணியில் பெரும்பங்கு தந்தைக்கே உரியது. இதனைக் கண்ணெதிரே காணும் பிள்ளைகள் பாடநூலில் கிடைக்காத பாடத்தைக் கற்பர்.

இரண்டாவது, உளுவை இனத்துச் சிறு மீன்கள். அடிமணலில் அமர்ந்து விழித்துப் பார்க்கும் இவை யாருடனும் பெரிதும் சண்டையிடா. இவ்வினத்தில் சில, ஒருவகை இறாலுடன் ஒரே வளையில் குடியிருப்பவை. இறால் வளை தோண்டும். பார்வை மங்கிய அதற்கு உளுவை வாயிலில் காவல் நிற்கும். ஆனால் இவை துள்ளி வெளியே விழக்கூடியவை. தொட்டிக்கு வலைமூடி இன்றியமையாதது.

மூன்றாவது, பாங்காய் கார்டினல் மீன். வெள்ளி உடலில் கரும்பட்டை கொண்ட இவ்வமைதியான மீனில், முட்டைகளைத் தன் வாயிலேயே அடைகாப்பது ஆண்மீன். இந்தோனேசியாவின் பாங்காய்த் தீவுகளே இதன் தாயகம். மிகுதியாகப் பிடிக்கப்பட்டதால் இது அழியும் நிலையிலுள்ள இனமாக 2007-இல் அறிவிக்கப்பட்டது. ஆதலின் பண்ணையில் பிறந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே வாங்குக.

50 லிட்டர் நீருக்கு ஓர் இணைக் கோமாளிமீன்களும் ஓர் உளுவையும் போதும். மிஞ்சினால் ஒரு கார்டினல். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கூச்ச இயல்புள்ள உளுவையை முதலிலும், இடத்திற்கு உரிமை கொண்டாடும் கோமாளியை இறுதியிலும் விடுக. ஒவ்வொன்றிற்கும் இடையே இரண்டு மூன்று வாரங்கள் செல்லட்டும்.

வேண்டாதவை

மலிவாகக் கிடைக்கும் நீலநிற டேம்சல் மீன்கள் எளிதில் சாகா. ஆனால் சிறு தொட்டியில் அவை பிற மீன்களை ஓட ஓட விரட்டும். வண்ணத்துப்பூச்சி மீன்களிற் பல, உயிருள்ள பவளத்தையே உண்பவை. நாம் இடும் உணவைத் தொடாமல் பட்டினியால் மடியும். நீலமும் மஞ்சளும் ஒளிரும் ‘டோரி’ மீன் ஓரடி வரை வளர்வது. அதற்கு நம் தொட்டி சிறைக்கூடம். சிங்கமீனின் முட்களில் நஞ்சுண்டு. அது தன் வாயிற்கு அடங்கும் மீன்களையும் விழுங்கிவிடும். களவாக் குஞ்சும் அவ்வாறே. பேத்தையோ துடுப்புகளைக் கடிக்கும்.

கடற்குதிரையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முழுப் பாதுகாப்பு அளித்துள்ளது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். பவளப்பாறைகளுக்கும் அப்பாதுகாப்பு உண்டு. அலங்காரத்திற்காகப் பவளத்துண்டு வாங்குவதைத் தவிர்த்து, செயற்கைப் பாறைகளைக் கொண்டே தொட்டியை அமைப்போம்.

பிறந்த இடத்தைக் கேளுங்கள்

கடலில் பிடித்த மீனா, பண்ணையில் பிறந்த மீனா என்பதே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பிலிப்பைன்சு போன்ற நாடுகளில் 1960-களிலிருந்து சயனைடு நஞ்சைப் பீய்ச்சி மீன்களை மயக்கிப் பிடித்துள்ளனர். அவ்வாறு பிடிபட்ட மீன்கள் பல, வீடு வந்து சேர்ந்தபின் இறக்கின்றன. பவளங்களும் உடன் அழிகின்றன. பண்ணை மீனோ தொட்டி வாழ்விற்கும் தீவனத்திற்கும் பிறவியிலேயே பழகியது. நம் நாட்டிலேயே கோமாளிமீன்களை முட்டையிடச் செய்து வளர்க்கும் முறையை, 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலியல் மையமும் இதில் வெற்றி கண்டுள்ளது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் தேசியப் பூங்கா அமைத்துக் காக்கப்படும் உயிர்ச்செல்வத்தை, நம் கூடத்து அழகிற்காகக் குறைக்க வேண்டியதில்லை.

அடுத்து, நம் கண்முன்னே அந்த மீன் தீனி தின்கிறதா எனப் பாருங்கள். தின்னாத மீனை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். உடலில் வெண்புள்ளி, கிழிந்த துடுப்பு, மூச்சிரைப்பு ஆகியவை நோயின் அடையாளங்கள். அதே நீரில் பிற மீன்கள் செத்துக் கிடந்தாலும் திரும்பி வந்துவிடுக.

அன்றாடப் பேணல்

இரண்டு நிமிடங்களில் தின்று தீரும் அளவே இரை இடுக. நாளொன்றுக்கு இருமுறை போதும். சந்தையில் வாங்கும் புதிய இறாலைப் பொடியாக நறுக்கித் தரலாம். வாரம் ஒருமுறை 5 லிட்டர் நீரை எடுத்துவிட்டு, முந்தைய நாளே 175 கிராம் உப்புக் கணக்கில் கரைத்து வைத்த புதுநீரை ஊற்றுக.

காஞ்சியின் சித்திரை வெயில் தான் கடுஞ்சோதனை. நீர் 25 முதல் 27 பாகை வெப்பத்தில் இருப்பது நல்லது. சூடு ஏற ஏற நீரில் கரையும் உயிர்வளி குறையும். நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறியை ஓடவிட்டால் சில பாகை தணியும். ஆனால் நீர் விரைவாக ஆவியாகும். ஆவியாவது நீரே, உப்பன்று. எனவே குறைந்ததை நன்னீரால் நிரப்ப வேண்டும். உப்புநீரால் நிரப்பினால் நாளடைவில் தொட்டி உவர்த்துப்போகும். மின்தடைக்கென மின்கலத்தில் இயங்கும் காற்றுக் குழாய் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். கொசுவர்த்திச் சுருளின் புகை படும் இடத்திலும், தறியின் அதிர்வு எட்டும் இடத்திலும் தொட்டியை வைக்காதீர்கள்.

கோமாளிமீன் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. ஆறு வயதுக் குழந்தைக்கு இன்று வாங்கித் தருவது, அவன் மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும்வரை உடனிருக்கும் ஓர் உயிர். ஆகவே பெற்றோரே, முதலில் தொட்டியையும் நீரையும் மட்டும் வாங்கித் தந்து, அந்த ஆறு வாரங்களும் பிள்ளையைக் காத்திருக்கச் செய்யுங்கள். நாள்தோறும் வெப்பத்தை அளந்து ஏட்டில் குறிக்கும் பொறுப்பை அவனிடமே ஒப்படையுங்கள். சலிக்காமல் அதைச் செய்து முடிக்கும் பிள்ளையிடம் அந்த இரு மீன்களையும் அச்சமின்றி ஒப்படைக்கலாம்.