சாவியும் வாசிப்பும்

பள்ளி நூலகம் என்றதும் நமக்கு ஓர் அறையும் பீரோவும் புத்தக எண்ணிக்கையுமே நினைவுக்கு வருகின்றன. பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது, அது எப்போது திரும்புகிறது என்று நாம் கேட்பதில்லை.

போடிநாயக்கனூரில் விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போகிற பெண்கள் பொழுது சாயத்தான் வீடு திரும்புகிறார்கள். இவர்களின் பிள்ளைகளுக்குப் பாடநூலைத் தவிர வேறு பிரதி வீட்டில் கிடைப்பது அரிது. பள்ளி நூலகம்தான் அவர்களுக்கு அநேகமாக ஒரே வாசல்.

பாடநூல் ஒரு மூடிய பிரதி. அதன் கேள்வியும் பதிலும் முன்பே தீர்மானிக்கப்பட்டவை. ‘ஏலச்செடி ஏன் நெழல்லயே வளருது?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் அதற்குப் பாடவேளையில் இடமில்லை. நூலகப் பொறுப்பாசிரியர் அக்கேள்வியைப் பிடித்துக்கொண்டு காடுகளைப் பற்றி ஒரு நூலை நீட்டலாம். பெருமரங்களின் அடியில் வளரும் செடி அது என்று அறிகிற பிள்ளை, அடுத்து மகரந்தம் சுமக்கும் தேனீக்களைத் தேடிப் போகும். தன் அம்மாவின் உழைப்பைத் தானே வாசிக்கத் தொடங்கும். பிள்ளையையும் நூலையும் ஒருசேர அறிந்த ஒருவர் நடுவில் இல்லாமல் இது நிகழாது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும் என்கிறது. நூலகரைப் பற்றி அதன் அட்டவணை மௌனம் சாதிக்கிறது. ஆகவே பல பள்ளிகளில் இது தமிழாசிரியரின் தலையில் கூடுதல் பொறுப்பாக விழுகிறது. பொறுப்பு என்றால் இருப்புப் பதிவேடு. நூல் தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று பூட்டிவிடுகிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. இருப்புப் பதிவேடு நூலைச் சொத்தாகப் பார்க்கிறது. வழங்கல் பதிவேடுதான் அதை வாசிப்பாகப் பார்க்கிறது. அதிகாரம் முதலாவதைத்தான் புரட்டுகிறது.

கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் பயன்பாட்டையே முதலில் வைத்தார். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளும், வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஆண்டில் ஐந்து தொலைவதை, நேர்மைக்கேடோ அலட்சியமோ இல்லாத பட்சத்தில், இயல்பான இழப்பாக ஏற்கின்றன. கவனியுங்கள்: கணக்கு பீரோவில் கிடக்கும் நூலை வைத்தல்ல, வெளியே போன நூலை வைத்து. அவ்விதி மத்திய அரசு நூலகங்களுக்கானது. அத்தகைய உறுதிமொழி நம் பொறுப்பாசிரியரின் கைக்கும் எழுத்தில் வந்து சேர வேண்டும். வாரத்தில் சில பாடவேளைகளையும் அவருக்குக் குறைத்துத் தர வேண்டும்.

ஆய்வுக்கு வருகிற அதிகாரி ‘எத்தனை புத்தகம் இருக்கு?’ என்பதை விட்டுவிட்டு, ‘எத்தனை வீட்டுக்குப் போயிருக்கு?’ என்று கேட்கட்டும். சாவி தானே திரும்பும்.