பனியன் ஊரின் பணச் சுழற்சி: அன்றும் இன்றும்

திருப்பூரில் நூலுக்குக் கொடுத்த பணம் துணியாகி, பனியனாகி, பில்லாகி, மறுபடி பணமாகக் கைக்கு வர மூன்று நான்கு மாதம் ஆவதுண்டு. இந்தச் சுற்றில் ஒரு மாதத்தைக் குறைக்கத் தெரிந்தவர், பக்கத்துக் கம்பெனிக்காரரிடம் இருக்கும் அதே மெஷினையும் அதே அளவு ஆட்களையும் வைத்துக்கொண்டே அவரைவிடக் குறைந்த விலைக்கு ஆர்டர் எடுக்கலாம். தொழிலில் இப்படிச் சுழலும் பணமான நடைமுறை மூலதனத்தின் முழு வலிமையும் இதில் அடங்கியிருக்கிறது.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் ஒரு கோடி ரூபாய்க்குச் சரக்கு அனுப்பும் கம்பெனி. பணம் திரும்ப 120 நாள் ஆகிறது என்றால், தோராயமாக நான்கு கோடி ரூபாய் எப்போதும் வெளியில் நிற்கும். 12 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 48 லட்சம். அதே சுற்று 90 நாளில் முடிந்தால் வெளியில் நிற்பது மூன்று கோடி, வட்டி 36 லட்சம். மிச்சமாகும் 12 லட்சம் ஆண்டு விற்பனையில் ஒரு சதவீதம். பீஸுக்குச் சில காசு வித்தியாசத்தில் ஆர்டர் கைமாறும் தொழிலில் ஒரு சதவீதம் பெரிய ஆயுதம். அதைவிடப் பெரிது, கையில் விடுபட்டு நிற்கும் அந்த ஒரு கோடி. அடுத்த ஆர்டருக்கு வங்கி மேலாளரின் அறை வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை.

இருப்பே பலம் என்றிருந்த காலம்

1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-சட்டை தேடி வந்ததிலிருந்து திருப்பூரின் ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவது வழக்கம். 1980களின் நடுவில் பத்துக் கோடி ரூபாய் அளவில் இருந்த ஏற்றுமதி, இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் நூல் வியாபாரி கடனுக்கு நூல் தருவார். நிட்டிங்காரரும் சாயப்பட்டறைக்காரரும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். உள்நாட்டுப் பனியன் விற்றவருக்குத் தீபாவளி முடிந்த பிறகுதான் பாக்கி வசூலாகும். கொல்கத்தாவிலிருந்து வரும் காசோலை அந்த ஊர் வங்கிக்குத் தபாலில் போய்ப் பணமாகத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். உறவும் முகதாட்சண்யமும் ஜாமீனாக நின்று அந்த இடைவெளியை நிரப்பின.

வங்கிகளும் இருப்பைப் பார்த்தே கடன் கொடுத்தன. கிடங்கில் சரக்கு ஏற ஏற, எடுக்கக்கூடிய தொகையும் ஏறும். அதனால் சரக்கைக் குவித்து வைப்பதே கெட்டிக்காரத்தனம் என்று நாடு முழுக்கத் தொழில்கள் பழகின. வங்கிப் பணம் இப்படித் தேங்குவதைக் கண்டு, 1974-ல் ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் குழு எந்தத் தொழில் எத்தனை மாத இருப்பு வைக்கலாம் என்று அளவு வகுத்தது. 1990களின் தொடக்கத்தில் நாயக் குழு சிறுதொழில்களுக்கு எளிய சூத்திரம் ஒன்றைத் தந்தது. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் கால் பங்கு நடைமுறை மூலதனமாகத் தேவைப்படும்; அதில் ஐந்தில் நான்கு பங்கை வங்கி தர வேண்டும், மீதி முதலாளியின் கைப்பணம். கால் பங்கு என்றாலே மூன்று மாதச் சுற்று. அதைவிட நீண்டால் அந்தச் சுமையைத் தொழில் நடத்துபவர் தானே தாங்க வேண்டும்.

பணம் வேகமானது, தவணை நீண்டது

2004-ல் ஆர்.டி.ஜி.எஸ்., 2005-ல் நெஃப்ட் என மின்னணுப் பணப் பரிமாற்ற முறைகள் வந்தன. 2020 முடிவதற்குள் இரண்டுமே 24 மணி நேரமும் இயங்கத் தொடங்கின. வாரக்கணக்கில் பயணம் செய்த பணம் இன்று நிமிடங்களில் வந்துவிடுகிறது. இப்படிக் குறைந்த நாட்களெல்லாம் திருப்பூருக்கு மிச்சமாகியிருக்க வேண்டும். ஆனால் லாபம் வேறு பக்கம் போனது. எல்.சி. எனும் வங்கி உத்தரவாதத்தை முன்பு திறந்த வெளிநாட்டு பிராண்டுகள், பின்னர் சரக்கு அனுப்பிய 60, 90 நாளுக்குப் பிறகு பணம் என்ற முறைக்கு மாறின. பணம் வரும் வழி சுருங்கியது; அது புறப்படும் தேதி தள்ளிப்போனது.

ஏற்றுமதியாளர் அந்தச் சுமையைக் கீழே இறக்குகிறார். பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் என ஜாப் ஒர்க் செய்யும் சிறு யூனிட்டுகள் அதைச் சுமக்கின்றன. அவர்களுக்கு பில் பணம் எப்போது வந்தாலும், சனிக்கிழமை சம்பளம் தள்ளிப்போக முடியாது. அந்தச் சனிக்கிழமைக்காக வெளியில் வாங்கும் கைமாற்றின் வட்டி, கடைசியில் ஜாப் ஒர்க் கூலியில்தான் ஏறுகிறது. சப்ளையரை இழுத்தடித்துக் கிடைத்த நாட்கள் இலவசம் என்று நினைப்பது தவறு. அவற்றின் விலை வேறு பெயரில் திரும்பி வருகிறது.

2022 இன்னொரு பாடம் சொன்னது. ஒரு கண்டி பருத்தி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய அந்த மே மாதத்தில், நூல் விலை உயர்வை எதிர்த்துத் திருப்பூர் இரண்டு நாள் கடையடைத்தது. நூல் விலை இரட்டிப்பானால் அதே எண்ணிக்கைப் பனியனுக்கு நூல் வாங்க இரு மடங்கு பணம் வேண்டும். வங்கி லிமிட் அப்படியே நிற்கும். ஆர்டர் கையிலிருந்தும் நூல் வாங்க முடியாதவர்கள் தவித்தார்கள். சுற்றைச் சுருக்கி வைத்திருந்தவர்களுக்கு மூச்சுவிட இடம் இருந்தது.

சட்டம் திறந்த வழிகள்

2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. 2024 ஏப்ரல் முதல் 43பி(எச்) பிரிவாக நடைமுறைக்கு வந்த வருமானவரி விதி, யாரும் புகார் தராமலே வேலை செய்கிறது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, அது கொடுக்கப்படும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும்.

2017-ல் செயல்படத் தொடங்கிய ட்ரெட்ஸ் தளங்கள் இன்னொரு வழி. சிறு நிறுவனத்தின் பில்லைச் சரக்கு வாங்குபவர் ஏற்றுக்கொண்டதும், வங்கிகள் அதற்கு உடனே பணம் தர வட்டி விகிதம் சொல்லிப் போட்டியிடுகின்றன. வாங்குபவரின் நாணயத்தை வைத்து விகிதம் அமைவதால் சொத்து அடமானம் வேண்டாம். வாங்குபவர் பணம் கட்டத் தவறினாலும் விற்றவரிடம் வங்கி திருப்பிக் கேட்க முடியாது. 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள கம்பெனிகள் இதில் சேர்வது இப்போது கட்டாயம். அந்த வரம்புக்குக் கீழே இருக்கும் எண்ணற்ற திருப்பூர் கம்பெனிகளும் தாமாகவே சேர்ந்தால்தான் ஜாப் ஒர்க்காரர்களுக்குப் பலன் இறங்கும்.

சீக்கிரம் கொடுப்பதும் போட்டி பலம்தான் என்பதற்குச் சில்லறைக் கடைச் சங்கிலியான டிமார்ட் சாட்சி. சப்ளையர்களுக்கு விரைவாகப் பணம் தந்து, விலையைக் குறைத்து வாங்கி, அதனாலேயே குறைந்த விலைக்கு விற்று வளர்ந்த நிறுவனம் அது. சரக்கு அலமாரியில் தேங்காமல் ஓடுவதால்தான் அதற்கு அது முடிகிறது.

திருப்பூருக்கும் அதே பாதை திறந்திருக்கிறது. ஐரோப்பாவில் வங்கதேசம் சுங்கவரி இல்லாமல் விற்ற காலமெல்லாம் திருப்பூர் வரியைச் சுமந்துகொண்டே போட்டியிட்டது. வரியைக் குறைப்பதோ பருத்தி விலையைப் பிடித்து நிறுத்துவதோ ஒரு கம்பெனியால் ஆகாது. துணி சாயத்துக்கும் பிரிண்டிங்குக்கும் நடுவே எத்தனை நாள் சும்மா கிடக்கிறது, கப்பல் ஏறிய சரக்குக்கு அன்றே ஆவணம் வங்கிக்குப் போகிறதா, எந்த பார்ட்டியின் பாக்கி கெடு தாண்டியிருக்கிறது என்ற மூன்றையும் வாரந்தோறும் பார்ப்பது ஒரு கம்பெனியால் நிச்சயம் முடியும். அப்படி மிச்சப்படும் நாட்களில் ஒரு பங்கை ஜாப் ஒர்க்காரருக்கு முன்கூட்டிய பணமாகக் கொடுப்பவருக்கு, சீசன் நெருக்கடியில் முதல் மெஷின் ஓடும்.