உஷார்! வாசலுக்கு வரும் வலம்புரி

சிவப்புப் பட்டுத்துணியில் சங்கைச் சுற்றிக்கொண்டு யாராவது வாசலில் நின்றால், திண்டுக்கல்காரர்களே, பீரோ சாவியைத் தொடாதீர்கள்! "ஒரு மண்டலம் பூசையில் வைத்துப் பாருங்கள், மீதியை அப்புறம் கொடுங்கள்" என்பார்கள். நாகல் நகரில் என் பெரியப்பா அப்படித்தான் 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். நாலு தரம் இழுத்துப் பார்க்காமல் பூட்டு வாங்காத மனுஷர், சங்குக்குள் ஒரு தரம் எட்டிப் பார்க்கவில்லை.

அது நம் கடல் சங்கே இல்லை. மெக்சிகோ வளைகுடாப் பக்கம் வாழும் வேறொரு நத்தையின் ஓடு. டெக்சாஸ் மாநிலத்தின் அடையாளச் சிப்பி அது. அந்த இனமே வலம்புரியாகத்தான் பிறக்கும். அங்கே அதில் அதிசயம் எதுவும் கிடையாது.

நம் சங்கு மன்னார் வளைகுடா, பாக் நீரிணை மணலில் புழு தின்று வளர்வது. தூத்துக்குடி, கீழக்கரைக் குளியாட்கள் மூச்சடக்கி அள்ளிய சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகும். வெள்ளைக்காரர் காலத்தில் சங்கு குளிப்பு அரசின் ஏகபோகம். மீன்வள அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அள்ளிய சங்கெல்லாம் அநேகமாக இடம்புரி. பிறவிப் பிசகாகச் சுருள் திரும்பியதுதான் வலம்புரி. லட்சத்தில் ஒன்று தேறினால் பெரிது என்பது கடலோரப் பேச்சு. அது பையில் ஏறித் தெருத்தெருவாக வருமா?

வாய் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பயனில்லை, அசல் வலம்புரிக்கும் அமெரிக்க ஓட்டுக்கும் ஒரே பக்கம்தான். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நம் சங்கின் நடுத்தூணில் மூன்று நான்கு வரப்புகள் தடித்து ஓடும், விரலுக்கே தட்டுப்படும். அமெரிக்க ஓட்டில் அந்த இடம் மழமழவென்றிருக்கும். கையில் கனமும் குறைவு.

காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறதாம். எவர்சில்வர் டம்ளரை வைத்துப் பாருங்கள், அதுவும் ஓதும்.

ராமேஸ்வரம் போய்ச் சங்கு வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. ட்ரோக்கஸ் என்ற கடல் நத்தையும் ஐவிரல் சங்கு வகைகளில் சிலவும் 2001-லேயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் ஏறிவிட்டன. ஷோகேஸுக்கென்று வாங்கி வந்தாலும் குற்றம்தான்.

பெரியப்பாவுக்குச் சங்கு கொடுத்தவரின் செல்போன் இன்றுவரை 'ஸ்விட்ச் ஆஃப்'.