பிள்ளையின் புலமைப்பரிசிலுக்கும் வரியா?

எஹலியகொட நகரில் எமது கடைக்கு இரண்டு கடை தள்ளி இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் நானா ஒருவர், ஜும்ஆ முடிந்த கையோடு ஒரு தாளை நீட்டினார். அமெரிக்காவில் பட்டப்படிப்புப் படிக்கும் மகன் அனுப்பியது.

"தம்பி, ஸ்கொலர்ஷிப் என்றுதானே சொன்னார்கள்? இதில் 1,400 டொலர் வெட்டியிருக்கிறதே!"

அது 1042-எஸ் என்ற படிவம். அமெரிக்கச் சட்டப்படி படிப்புக் கட்டணம், கட்டாயம் வாங்க வேண்டிய புத்தகம், உபகரணம் ஆகியவற்றுக்குப் போகும் புலமைப்பரிசிலுக்கு வரி கிடையாது. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பங்குக்கு உண்டு. நானாவின் மகனுக்கு 2025இல் அந்தப் பங்கு 10,000 டொலர். மாணவர் விசாவில் போனவர்களிடம் அதில் 14 வீதத்தைப் பல்கலைக்கழகமே பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இது முற்பணம்தான். அங்கே 2025ஆம் ஆண்டின் முதல் 11,925 டொலருக்கு வரி 10 வீதம். வேறு வருமானம் இல்லாத மகனுக்கு உண்மையான வரி 1,000 டொலர். 1040-என்.ஆர். படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் 400 டொலர் திரும்ப வரும். நம்மூர்க் கணக்கில் ஒரு இலட்சத்துக்கு மேல். மகனோ "வெட்டியது வெட்டியதுதான்" என்று விட்டுவிட்டாராம். மூன்று வருடத்துக்குள் கேட்கலாம் என்றேன். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 என்ற படிவம் கொடுக்க வேண்டும் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

எனக்குக் கவலை தந்தது வேறு விடயம். மகன் மிச்சம் பிடித்து அனுப்பிய பணம் கடையின் நடைமுறைக் கணக்கில் விழுந்திருக்கிறது. நாளை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தார் வங்கிக் கூற்றைப் பார்த்தால், ஆதாரமில்லாத வரவைக் கணக்கில் காட்டாத விற்பனை என்றே சந்தேகிப்பார்கள். போதாக்குறைக்கு மகனின் விமானச் சீட்டைக் கடைச் செலவில் எழுதியிருக்கிறார். வீட்டுச் செலவை வியாபார இலாபத்தில் கழிக்க முடியாது. இதைச் சொன்னதும் நானாவின் முகம் மாறிவிட்டது.

இங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவ்வளவு தலையிடி இல்லை. மஹாபொல கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகியது. பன்னிரண்டு மாதம் என்று வைத்தாலும் 90,000 ரூபாதான். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம் 18 இலட்சம். ஆனால் பிள்ளையின் பெயரில் நிலையான வைப்பு இருந்தால் வட்டியில் 10 வீதம் வங்கியிலேயே பிடிபடும். மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று வங்கிக்குச் சுய பிரகடனம் கொடுத்தால் தப்பலாம். 18 வயதானவர்களுக்கு வரி இலக்கமும் வேண்டும். 2024இலிருந்து அது கட்டாயம்.

நானா அன்றிரவே மகனைப் பிடித்துப் பழைய தாள்களையெல்லாம் கேட்டிருக்கிறார். புலமைப்பரிசில் கடிதமும் ஒரு வருடப் படிவமும் வந்துவிட்டன. மற்றதைத் தேடுகிறார்கள். விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள் என்பதால், கணக்காளரிடம் போகுமுன் விமானச் சீட்டை வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.