வயிறும் தலைசுற்றலும்

காலையில் எழுந்தவுடன் தலை சுற்றுகிறது. குமட்டலும் உடன் வருகிறது. “பித்தம் தலைக்கு ஏறிவிட்டது” என்று கூறி, வீட்டிலுள்ள பெரியோர் இஞ்சிச் சாறு கொடுப்பர். வயிற்றையும் தலைசுற்றலையும் இணைத்துப் பார்ப்பது நம் நாட்டு வழக்கம் மட்டும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் புகழ்பெற்று விளங்கிய துரூஸோ என்னும் மருத்துவரும், இரைப்பைக் கோளாற்றால் எழும் தலைசுற்றலைப் பற்றித் தம் மாணவர்க்கு விரித்துரைத்தார்.

இவ்விரண்டிற்கும் மெய்யாகவே உறவு உண்டா? உண்டு. ஆனால், அது பித்தநீர் மேலே ஏறுவதால் வருவதன்று. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் குடலுக்குள் பாய்ந்து, கொழுப்புச் செரிப்பதற்கு உதவுகிறது. அங்கிருந்து தலைக்குச் செல்ல அதற்கு வழியில்லை. பெரும்பாலும் இவ்வுறவுக்குப் பாலமாக நிற்பது இரத்தமே.

நாம் எழுந்து நிற்கும்போது, ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தமோ அதற்கு மேலோ உடலின் கீழ்ப்பகுதியில் தங்குகிறது. உடனே இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூளைக்குரிய இரத்தம் குறையாமல் காக்கப்படுகிறது. இந்த ஏற்பாடு தளர்ந்தால் கண் இருளும், தலை கிறுகிறுக்கும்.

வயிற்றுப்போக்கும் வாந்தியும் உடலின் நீரையும் உப்பையும் வெளியேற்றிவிடுகின்றன. அதனால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. அப்போது வேண்டுவது நீரும் உப்புமே. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் பருகலாம். முதியோர் சிலருக்கு வயிறார உண்டபின், குடலை நோக்கி இரத்தம் மிகுதியாகச் செல்வதால் இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வருவதுண்டு. கடுமையான வயிற்று வலியும் வேகஸ் என்னும் நரம்பைத் தூண்டி, இதயத் துடிப்பைத் தளர்த்தி மயங்கி விழச் செய்யலாம்.

இவற்றினும் கவலைக்குரியது, வெளியே தெரியாமல் நிகழும் இரத்த இழப்பு. இரைப்பைப் புண்ணிலிருந்து இரத்தம் சிறிது சிறிதாகக் கசியலாம். வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் கொக்கிப்புழு, சிறுகுடலில் தங்கி நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஒரு புழு குடிப்பது சில துளிகளே. புழுக்கள் பலவாகி மாதங்கள் பல கடந்தால், இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை உண்டாகும். சோர்வும் மூச்சிரைப்பும் தலைசுற்றலும் தொடரும். 2015ஆம் ஆண்டு முதல் இந்தியப் பள்ளிகளில் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று அல்பெண்டசோல் மாத்திரை வழங்கத் தொடங்கியதன் பயன் இதனால் விளங்கும்.

இனி, இதன் மறுபக்கத்தையும் காண்போம். தலைசுற்றலும் வாந்தியும் சேர்ந்து வந்தால், வயிறே முதற்காரணம் என்று முடிவு செய்தல் கூடாது. உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் அசைவை மூளைக்கு அறிவிக்கின்றன. அச்செய்தியைப் பெறும் மூளைப்பகுதி, வாந்தியைத் தூண்டும் பகுதியோடு நரம்புத் தொடர்பு உடையது. ஆகவே செவி கெட்டாலும் வயிறு குமட்டும். இத்தகைய சுழற்சியை மருத்துவர் பலர் மூளைநோய் என்று கருதிய காலத்தில், 1861இல் பாரிஸில் மெனியேர் என்னும் மருத்துவர் உட்செவியே அதற்குக் காரணமாகலாம் என எடுத்துக்காட்டினார்.

ஆகவே, தலை சுற்றும்போது நம்மை நாமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். அறையே சுழல்வதுபோல் தோன்றுகிறதா? அப்படியாயின் செவியை ஐயுறலாம். எழுந்து நிற்கையில் கண் இருள்கிறதா? அப்படியாயின் நீரோ இரத்தமோ குறைந்திருக்கலாம். மலம் தார்போல் கறுத்தாலும், வாந்தியில் இரத்தம் கண்டாலும், நினைவு தவறினாலும், பேச்சுக் குழறினாலும் சற்றும் தாமதியாமல் மருத்துவரை நாட வேண்டும். இஞ்சிச் சாறு குமட்டலைத் தணிக்கலாம். கசியும் புண்ணை அது ஆற்றாது. “பித்தம்” என்ற ஒரு சொல்லோடு நாம் நிறைவடைந்துவிட்டால், உண்மையான நோய் உள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும்.